பழைய காரின் பெட்ரோல் ஹோஸுக்கும் வயது உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி உங்கள் நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் மைலேஜ் குறைவதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது நியாயமான கவலைதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. ஆனால் வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை பெட்ரோலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களைச் சொல்கிறேன். போன சித்திரையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர்கள் படாமலே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1970-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு கதவு, 948 சிசி. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் வண்டலூர் பக்கத்து ஆலையில் நம் ஊர்க்காரர்கள் செய்தார்கள். நாலு கதவு வைத்தது இங்கேதான். குரோம்பேட்டையிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்? அரை மணி நேரம் கூட ஆகாது. என் அப்பா 1978-இல் இந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். முன்பக்கம் மொத்தமும், பானட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அவர் போய் 16 வருடம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை காலை, வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்வருகிறேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஷெட் கதவைத் திறக்க இறங்கினேன். பெட்ரோல் வாடை. கார்புரேட்டர் வண்டியில் சோக் போட்டால் கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும். ஆனால் இது மூக்கில் ஏறியது. எஞ்சினை அணைக்காமலே பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். முதலில் அணைத்திருக்க வேண்டும். கார்புரேட்டரில் ஹோஸ் போய்ச் சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விழுந்து, அடுத்தது திரண்டது. விழுந்த இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய். இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே மேனிஃபோல்டுதான் இருக்கும். ஓடி வந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டி அப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருந்ததால் மேனிஃபோல்டு இன்னும் சூடேறவில்லை. அன்றைக்கு நான் தாம்பரம் சந்தைக்குப் போய்த் திரும்பி, சிக்னலில் நின்றிருக்கும்போது அந்தச் சொட்டு விழுந்திருந்தால்? பின் சீட்டில் பேத்தி இருந்திருப்பாள்.

இதில் என்னைப் பதற வைத்தது என்னவென்றால், கசிந்த அந்த ஹோஸ் பழையது இல்லை. 14 மாதத்துக்கு முன்னால்தான் மாற்றியது. ஒரு உதிரிபாகக் கடையில் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். "பெட்ரோலுக்குத்தான் மேடம், தைரியமா போடுங்க" என்றார்கள். ஹோஸ் மேல் கம்பெனி பெயரும் இல்லை, தரக் குறியும் இல்லை, தயாரித்த வருடமும் இல்லை. கறுப்பாக, பளபளவென்று இருந்தது. நானும் வாங்கி வந்தேன்.

எங்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அப்பா காலத்து ஆள். 70 தாண்டிவிட்டது. அன்று சாயங்காலம் வந்தவர் ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், வெளியில பாத்து ஏமாறாதீங்க, அறுத்துப் பாருங்க" என்று பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டினார். வெளித்தோல் புதுசு மாதிரியே இருந்தது. உட்பக்கம் ஊறிய அவல் போல உப்பிக் குழைந்திருந்தது. நகத்தால் வழித்தால் கறுப்பு மசியாக வந்தது. கிளிப் இறுகப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் பிதுங்கி, கிளிப்பின் பல் உள்ளே வெட்டி இறங்கியிருந்தது. பிறகு டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏ.சி. கம்பெனி பம்பைக் காட்டினார். அதன் மேல் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தில் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள். ரெண்டு மாதமாக வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் திணறியதற்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை மூன்று தடவை கழற்றி ஊதியதற்கும் காரணம் அந்தத் துகள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஹோஸ் கரைந்து கார்புரேட்டருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஒண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் பாத்துடணும்" என்று டிக்கியைத் திறந்தார். டேங்கிலிருந்து இரும்புப் பைப்புக்குப் போகிற ஹோஸ் அப்பா போட்டது. மேலே நூல் பின்னிய பழைய ரகம். நூல் பின்னல் அழகாக இருப்பதால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. கழற்றி லேசாக வளைத்தார். காய்ந்த சுள்ளி போல 'படக்' என்று ரெண்டாக ஒடிந்தது. அதுவரை கசியவில்லை என்றால் அதை யாரும் அசைக்காததுதான் காரணம்.

ஒரே வண்டியில் ஒரு ஹோஸ் குழைந்து போயிருக்கிறது, இன்னொன்று இறுகி வெடித்திருக்கிறது. ரெண்டையும் மேஜை மேல் வைத்துப் பார்த்தபோதுதான் என் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வேதியியல் எடுத்தவள். ரப்பர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் பல ஜாதி. பெட்ரோல் ஹோஸுக்கு வெகுகாலம் பயன்பட்டது நைட்ரைல் ரப்பர். வெறும் பெட்ரோலுக்கு அது நன்றாகவே தாங்கும். எத்தனால் சேர்ந்தால் கதை வேறு. வெறும் பெட்ரோலிலும் வெறும் எத்தனாலிலும் உப்புவதைவிட, ரெண்டும் கலந்ததில் அதிகமாக உப்புகிற ரப்பர்கள் உண்டு. அதோடு, ரப்பரை வளைந்துகொடுக்க வைக்கும் பதப்பொருளையும் அந்தக் கலவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். ஹோஸ் நனைந்திருக்கும் வரை இது தெரியாது. வண்டி மாதக்கணக்கில் நின்று உள்ளே உலர்ந்ததும் ரப்பர் சுருங்கி இறுகிவிடும். அடுத்து பெட்ரோல் வந்து அழுத்தும்போது வெடிப்பு வாய் திறக்கும். அதனால்தான் தினமும் ஓடுகிற வண்டியைவிட, போர்வை போட்டு மூடி வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிற வண்டியில் ஹோஸ் சீக்கிரம் கெடுகிறது.

எத்தனால் மேல் மட்டும் பழி போட நான் தயாராக இல்லை. அப்பா இந்த வண்டியை வாங்கிய காலத்தில் பெட்ரோலில் எத்தனாலே கிடையாது. அப்போதும் ஹோஸ் வெடித்தது. எஞ்சின் சூடும், காற்றில் இருக்கும் ஓசோனும், வயதும் போதும் ரப்பரைக் கெடுக்க. எத்தனால் அந்தக் காலக்கெடுவைக் குறைக்கிறது. தரமில்லாத ஹோஸாக இருந்தால் ரொம்பவே குறைக்கிறது.

மனசு கேட்காமல் ஒரு பரிசோதனை செய்தேன். அந்தக் கடை ஹோஸில் மீதி ஒரு முழம் பயன்படுத்தாமல் இருந்தது. அதில் சரியாக 50 மி.மீ. துண்டு ஒன்றும், நல்ல தரத்தில் வாங்கிய புது ஹோஸில் 50 மி.மீ. துண்டு ஒன்றும் வெட்டி, பங்க் பெட்ரோலில் தனித்தனியாக மூடி வைத்தேன். 30 நாள் கழித்து எடுத்து அளந்தால் கடை ஹோஸ் 56 மி.மீ. ஆக நீண்டிருந்தது. விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கியது. அதை நிழலில் பத்து நாள் உலர விட்டேன். 48-க்கு இறங்கிவிட்டது, வளைத்ததும் உள்ளே மயிரிழை வெடிப்புகள் வந்தன. நல்ல ஹோஸ் 50-லிருந்து அரை மி.மீ. கூட மாறவில்லை. அதே பெட்ரோலை அளவுசாடியில் 90 மி.லி. எடுத்து 10 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கியும் பார்த்தேன். அடியில் தண்ணீர் அடுக்கு 10-இலிருந்து 27-ஐத் தொட்டு நின்றது. கூடுதலாக வந்தது எத்தனால். பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. 20 சதவீதம் என்று சொல்கிற கணக்குக்கு அது சரியாக இருக்கிறது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன், இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து போய், அடுத்த அறையில் எரிகிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலியம் அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைந்த, சுலபமான வேலை என்று அதில் இருந்தது. செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் கிலோமீட்டர் கணக்கு என் வண்டிக்கு எப்படிப் பொருந்தும்? வாரம் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வருடத்துக்கு 780. இருபதாயிரத்தைத் தொட 25 வருடம் ஆகும். என் வண்டிக்குப் போட்ட ஹோஸ் 14 மாதத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்குள், கசிந்துவிட்டது. பத்மினி, அம்பாசிடர், பழைய மாருதி 800 என்று வீட்டு ஞாபகமாக வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் கொஞ்சமாக ஓட்டுகிறார்கள். அமைச்சகத்தின் வரியைப் படித்துவிட்டு, "நம்ம வண்டி எங்க அவ்வளவு ஓடுது" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். தயவுசெய்து இருக்காதீர்கள். ஹோஸுக்கு வருடக் கணக்கு வையுங்கள். வருடம் ஒரு தடவை கழற்றி வளைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸாகவே இருந்தாலும் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். மாற்றிய தேதியை ஒரு அட்டையில் எழுதி வண்டியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

எதை வாங்குவது என்று கேட்பீர்கள். ஹோஸ் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறி அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்6, ஆர்7 என்றும் வரும். அவை குறைந்த அழுத்தத்துக்கான சாதாரண ரகம். ஆர்9-இல் உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும், கடைக்காரர்கள் விட்டான் என்பார்கள். எத்தனாலுக்குத் தாக்குப்பிடிப்பது அந்த உள்பூச்சுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி நாலாவது கடையில் வாங்கினேன். மற்ற கடைகளில் அந்தக் குறியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கிளிப்பிலும் கவனம் வேண்டும். பட்டையில் வரிசையாகத் துளை வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரை அறுக்கும். உட்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்த கிளிப் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வண்டிக்குள் பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறதே என்று பைக்குக்குப் போடும் நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபைப் போடாதீர்கள். சில மாதத்தில் மஞ்சளாகிக் குச்சியாகிவிடும். ரேடியேட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸை அவசரத்துக்கு மாட்டி அப்படியே விட்டுவிட்ட வண்டிகளையும் அண்ணன் பார்த்திருக்கிறார்.

எல்லாவற்றையும் மாற்றினோம். டேங்கின் வெளிவாய், சேஸிஸ் பைப்பிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் தடித்த குழாய், டேங்க் காற்று வாங்கும் சின்னக் குழாய். இந்தக் கடைசி ரெண்டையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கசிந்தால் ஆவி டிக்கிக்குள் தங்கிவிடும். வேலை பார்த்தது திறந்த வாசலில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு. பக்கத்தில் டிரை பவுடர் அணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீர் மேல் மிதந்து பரவும். முன்பு யாரோ பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபில்டரையும் அண்ணன் எடுத்துவிட்டு, பின்பக்கம், டேங்கை ஒட்டி வைத்தார். சூடான எஞ்சின் மேல் ஒரு பெட்ரோல் புட்டி ஆடிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றி ஒற்றிப் பார்த்தோம். ஒன்றில் கூட ஈரம் இல்லை. மறுநாள் காலையும், அடுத்த வாரமும் இதே போல ஒற்றினேன். கூலியோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

சம்பந்தப்பட்டவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். அமைச்சகம் தன் விளக்கத்தில் கிலோமீட்டரோடு வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சமாக ஓடும் வண்டிகளுக்கென்று தனியாக ஒரு வரி வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்க 15 வருடத்துக்கு மேல் ஆன வண்டியைக் கொண்டுபோகும்போது பிரேக், லைட், ஹார்ன் பார்க்கிறார்கள். அதே மோட்டார் வாகன ஆய்வாளர் பானட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸையும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. உருவம் பழசாக இருக்கட்டும், ஹோஸ் மட்டும் புதுசாக இருந்தே ஆக வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதலாம். மூன்றாவது கடைக்காரர்களுக்கு. அச்சில்லாத ஹோஸை பெட்ரோலுக்கு என்று சொல்லி விற்காதீர்கள். உங்களுக்கு அது மீட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம்.

அறுத்த ரெண்டு ஹோஸ்களையும் தூக்கிப் போடவில்லை. அண்ணன் தன் ஒர்க்‌ஷாப்புக்குக் கேட்டு வாங்கிப் போய், வாசலில் ஆணியில் மாட்டியிருக்கிறார். பழைய வண்டியோடு வருகிறவர்களிடம் முதலில் அதைக் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்கிறாராம். இதுவரை பதினொரு வண்டிக்கு ஹோஸ் மாற்றியாயிற்று என்று போன வாரம் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
குரோம்பேட்டை, சென்னை – 44.